மார்ட்டி ஹோலப்பின் கண்ணாடி வேன்

மூக்குக் கண்ணாடிக் கடைக்கு யாரும் சந்தோஷமாக வருவதில்லை. ஒடித்துவிட்டு வருவார்கள், தொலைத்துவிட்டு வருவார்கள், அல்லது அதன் மேல் உட்கார்ந்துவிட்டு வருவார்கள். மூன்றிலும் முதல் குற்றவாளி கண்ணாடி, இரண்டாவது குற்றவாளி அதை விற்றவன். இந்தத் தொழிலில் இருந்தவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். மற்றவர்கள் பல் டாக்டரிடம் ரிசப்ஷனில் உட்கார்ந்திருக்கும் பெண்ணைக் கேட்டால் பாதியாவது புரியும்.

நான் உடுமலைப்பேட்டைக்காரன். கண் பரிசோதிப்பதும் கண்ணாடி பொருத்துவதும் கோயம்புத்தூரில் படித்தது. மனைவி மும்தாஜ் கம்ப்யூட்டர் புரோகிராமர். தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் அவளுக்கு நியூ ஜெர்சியில் வேலை கிடைக்க, அவளுடைய பெட்டிகளோடு நானும் போய் இறங்கினேன். வேலை பார்க்க அனுமதி வந்ததும் ஒரு ஷாப்பிங் மாலில் கண்ணாடிக் கடையில் சேர்ந்தேன். அங்கே ஆரம்பித்தவன், சில வருஷங்களில் ஒரு பேஸ்பால் வீரரின் தர்ம காரியத்துக்காக டெக்சாஸில் ஒரு வேனுக்குள் உட்கார்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கண் பார்த்துக்கொண்டிருந்தேன். இது எப்படி நடந்தது என்று உறவுக்காரர்களுக்கு ஐ.எஸ்.டி. போனில் விளக்க முயன்று தோற்றிருக்கிறேன். இந்தக் காகிதத்தில் இடம் தாராளமாக இருப்பதால் முயன்று பார்க்கிறேன்.

பெயர்ப் பட்டை

என் பெயர் சிக்கந்தர். கடை மேனேஜர் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பட்டை அடித்துக் கொடுத்தார். முழுப் பெயருக்கு இடம் போதவில்லை என்று முன்பாதியை மட்டும் போட்டுவிட்டார்: ‘சிக்’. எழுத்துக்கூட்டினால் நடுவில் ஓர் எழுத்து குறையும். ஆனால் அங்கே வருகிறவர்கள் எல்லோரும் கண் சரியில்லாதவர்கள்தானே, அந்த எழுத்தை அவர்களே சேர்த்துப் படித்துக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் அதற்கு உடம்பு சரியில்லாதவன் என்று அர்த்தம்.

ஒரு வாரம் அப்படியே நின்றேன். பிறகு சிக்கந்தரும் அலெக்சாண்டரும் ஒரே ஆள்தான் என்று மேனேஜருக்குச் சரித்திரப் பாடம் எடுத்து ‘அலெக்ஸ்’ ஆனேன். அதற்குக் காரணம் படிக்கிற கண்ணாடி வாங்க வந்த ஒரு வயதான அம்மாள். பட்டையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், ஓர் அடி பின்னால் நகர்ந்தார். கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு ரொம்பக் கனிவாகச் சொன்னார்: “வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கோப்பா. கண்ணாடி என்ன, நாளைக்கு வாங்கிக்கறேன்.”

உட்காரும் வேலை

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மத்தியான வேளை. கதவளவு அகலத்தில் ஒருவர் வந்தார். கையில் ஒரு கண்ணாடி, இரண்டு துண்டுகளாக. அதே மாதத்தில் முன்பே ஒன்றை ஒடித்து வாங்கிப்போனவர்தான். “அதன் மேல உட்கார்ந்தீங்களா?” என்றேன். “இல்ல, பந்து உட்கார்ந்தது” என்றார். அவர்தான் மார்ட்டி ஹோலப். பெரிய லீக்குக்குக் கீழே இருக்கிற சின்ன லீக்கில் அந்தப் பக்கத்து டீமுக்கு விளையாடிக்கொண்டிருந்தார். அடிக்கிறவருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்தைப் பிடிக்கிற கேட்சர். நம் கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முகத்துக்கு இரும்புக் கம்பி மூடி மட்டும் அதிகம். பவர் பயங்கரமான பவர். கான்டாக்ட் லென்ஸ் போடலாமே என்றால் நடுங்கினார். தொண்ணூறு மைல் வேகத்தில் வரும் பந்துக்கு முன்னால் அசையாமல் உட்காருகிற மனிதர், தன் விரல் தன் கண்ணுக்குப் பக்கத்தில் வருவதைத் தாங்கமாட்டார்.

குந்தி உட்கார்ந்து நிமிர்ந்து பார்க்கும்போது கண்ணாடி வழுக்குகிறது என்பது அவர் புகார். நின்றுகொண்டு பொருத்தினால் எனக்கு எப்படித் தெரியும்? கடையின் நடுவிலேயே உட்காரச் சொன்னேன். முழங்கால் கடகடவென்று சத்தம் போட, “அம்மா” என்று முனகிக்கொண்டு உட்கார்ந்தார். நானும் எதிரே குந்தினேன். குதிகால் தரையில் படிய, கை இரண்டும் சும்மா இருக்க, ஊரில் எல்லோரும் உட்காருகிற மாதிரி. காதுக்குப் பின்னால் வளைவதை அழுத்தமாக வளைத்தேன், மூக்குப் பட்டையை உள்ளே தள்ளினேன், தலையை ஆட்டிப் பார்க்கச் சொன்னேன். கால்மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மார்ட்டி கண்ணாடியை மறந்துவிட்டு என் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் என் கையைப் பிடித்து எழுந்துகொண்டு சொன்னார்: “இந்த நாட்டுல இப்படி உட்கார்றதுக்குச் சம்பளம் குடுக்கறாங்க, அலெக்ஸ். நீ எதுக்குக் கண்ணாடி வித்துக்கிட்டிருக்கே?”

ஓசி டிக்கெட்

அதற்கப்புறம் மார்ட்டி வேறு யாரிடமும் கண்ணாடி பொருத்திக்கொள்ளவில்லை. விளையாட்டுக்காரர்களுக்கு ராசி என்று ஒன்று உண்டே, நான் அதில் சேர்ந்துவிட்டேன். மறு வருஷம் கலிபோர்னியாவில் ஒரு பெரிய லீக் டீம் அவரைக் கூப்பிட்டுக்கொண்டது. அங்கிருந்தும் கண்ணாடி கூரியரில் என்னிடம் வரும். நான் என் தலையில் ஒரு துண்டைச் சுற்றி அவர் தலை அளவுக்குக் கொண்டுவந்து, போட்டுப் பார்த்து, குந்தி உட்கார்ந்து சரிசெய்து திருப்பி அனுப்புவேன்.

என் மச்சினன் ரஃபீக் அப்போது அதே பக்கத்தில் பிளசன்டன் என்ற ஊரில் இருந்தான். அவனைப் பார்க்கப் போனபோது மார்ட்டி எங்கள் எல்லோருக்கும் டிக்கெட் அனுப்பினார். ரஃபீக் ஆபீஸ் முழுக்க “எங்க மச்சானோட ஃபிரெண்டு மேட்ச் ஆடறார்” என்று சொல்லி வைத்திருந்தான். பைனாகுலர், தொப்பி, பிரியாணி டப்பா சகிதம் போனோம். பிரியாணி டப்பா வாசலோடு நின்றுவிட்டது. மார்ட்டியோ ஆட்டம் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நடுவில் ஓரமாக ஓர் இடத்தில், உடம்பைச் சூடு பண்ணிக்கொள்ளும் பந்து வீச்சாளருக்குச் சும்மா பந்து பிடித்துக் கொடுத்தார். பிறகு திரும்பவும் பெஞ்ச். எங்களைப் பார்த்ததும் மட்டும் எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினார். ரஃபீக் பைனாகுலரை இறக்கிவிட்டு, மெதுவாக என் காதில் கேட்டான்: “மச்சான், அவரும் நம்மள மாதிரி ஓசி டிக்கெட்லதான் வந்திருக்காரா?”

வேன் வாங்கிய செய்தி

மார்ட்டிக்குச் சொந்த ஊர் டெக்சாஸில் ஒரு சின்ன விவசாயக் கிராமம். பெரிய லீக்கில் சில வருஷம் பெஞ்சும் ஆட்டமுமாகப் போனபின், அந்த மாநிலத்து டீம் ஒன்றுக்கே மாறினார். அங்கிருந்து ஒரு நாள் போன் வந்தது. வழக்கம்போல ஸ்க்ரூ கழன்றிருக்கும் என்று நினைத்தேன். “அலெக்ஸ், நான் ஏன் கேட்சர் ஆனேன் தெரியுமா?” என்று ஆரம்பித்தார்.

சின்ன வயசில் அவருக்குக் கண் சரியாகத் தெரியாது என்பது யாருக்கும் தெரியாதாம், அவர் உட்பட. கரும்பலகை எல்லோருக்குமே வெறும் கறுப்பாகத்தான் தெரியும் என்று நினைத்திருக்கிறார். மைதானத்தில் எங்கே நிறுத்தினாலும் பந்து வருவது தெரியாமல் மண்டையில் வாங்கியிருக்கிறார். கேட்சர் இடத்தில் உட்கார்ந்தால் மட்டும் பக்கத்தில் நிற்கிறவனாவது தெரிந்தான். சரி, இதுதான் நம் இடம் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார். மந்தப் பையன் என்று வகுப்பில் கடைசி வரிசைக்குத் தள்ளியிருக்கிறார்கள். அப்புறம் ஒரு புது டீச்சர் வந்துதான் கண் டாக்டரிடம் அனுப்பியிருக்கிறார். “என் மாதிரிப் பிள்ளைங்க இந்தப் பக்கம் நிறைய இருக்காங்க. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாப் போய்க் கண் பார்த்து, ஓசியில கண்ணாடி குடுக்கப்போறேன். வேன் வாங்கிட்டேன். டாக்டர் கிடைச்சாச்சு. நீ வா. வேனை நான் ஓட்டறேன், நீ உள்ளே உட்காரு.”

போனை வைத்துவிட்டு, இது நடக்கிற கதையா என்ற குரலில் மும்தாஜிடம் சொன்னேன். அப்போது டல்லாஸுக்கு வடக்கே டெலிபோன் கம்பெனிகள் புரோகிராமர்களை அள்ளிக்கொண்டிருந்த காலம். அவள் துவைத்த துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்: “இத்தனை வருஷம் நீங்க என் ப்ராஜெக்ட் பின்னாடி வந்தீங்க. ஒரு தடவை நான் உங்க கேட்சர் பின்னாடி வர்றேன்.”

மோசமான ஐஸ்கிரீம்

ஆலன் என்ற புறநகரில் குடியேறினோம். எந்தப் பக்கம் பார்த்தாலும் புது வீடும், கட்டி முடிக்காத வீடும். முதல் நாள் மார்ட்டி வேனைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். பழைய ஐஸ்கிரீம் வேன். மலிவாகக் கிடைத்ததாம். உள்ளே குளிர்பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு நாற்காலி, விளக்கு, எழுத்து அட்டை எல்லாம் அருமையாகப் பொருத்தியிருந்தார். பக்கவாட்டில் இருந்த ஐஸ்கிரீம் படத்துக்கு மேல் பெயின்ட் அடித்து, பெரிய மூக்குக் கண்ணாடி ஒன்று வரையப்பட்டிருந்தது. ஒன்றே ஒன்றுதான் சரியாகவில்லை. வண்டியை மெதுவாக ஓட்டினாலும், பின்னால் எடுத்தாலும், கூரையில் இருந்த குழாய் கிணுகிணுவென்று ஐஸ்கிரீம் பாட்டுப் பாடும். மெக்கானிக்குகள் இரண்டு பேர் பார்த்தும் அதன் வாயை அடைக்க முடியவில்லை.

விளம்பரமே தேவைப்படவில்லை. பள்ளிக்கூட மைதானத்தில் நுழைந்ததும் பிள்ளைகள் கையில் சில்லறையோடு ஓடிவந்து வரிசையில் நின்றன. ஏறின பிள்ளையை நாற்காலியில் உட்காரவைத்து ஒரு கண்ணை மூடச் சொல்லுவேன். மருந்து சொட்டுப் போட வேண்டியவர்களை டாக்டர் ஃபே பார்ப்பார். முகாம் நாட்களில் சம்பளம் வாங்காமல் வந்த கண் டாக்டர் அவர். குரலை உயர்த்தாமலே யாரையும் உட்காரவைத்துவிடுவார். மார்ட்டியின் தாயார் எங்கள் எல்லோருக்கும் அவர்கள் ஊர்ப் பன்னை, பழம் வைத்தும் இறைச்சி வைத்தும், சுட்டு அனுப்புவார். பன்றி இறைச்சி வைத்தது அலெக்ஸ் கைக்குப் போய்விடக் கூடாது என்று என் டப்பாவில் மட்டும் நூல் கட்டி அனுப்புவார்.

முதல் நாள் வரிசையில் முதலில் வந்த சிறுமி, காசைக் கடைசி வரை கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டே எழுத்தெல்லாம் படித்தாள், சொட்டு மருந்தும் வாங்கிக்கொண்டாள். இறங்கும்போது கண்ணைக் கசக்கியபடி மார்ட்டியிடம் சொன்னாள்: “என் வாழ்க்கையிலேயே மோசமான ஐஸ்கிரீம் இதுதான்.”

டிவியில் பார்த்த முகம்

பரிசோதிப்பது சுலபம், போட்டுக்கொள்ளவைப்பதுதான் பாடு. கண்ணாடி வந்ததும் பாதிப் பிள்ளைகள் பைக்குள் ஒளித்துவிடும். அதற்குத்தான் மார்ட்டி. சீருடையோடு வந்து நின்று, தன்னுடைய சோடாபுட்டிக் கண்ணாடியைக் காட்டுவார். “இது இல்லேன்னா பந்து எது, பூசணிக்காய் எதுன்னு எனக்குத் தெரியாது” என்பார். பிள்ளைகள் சிரிக்கும். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நான் கண்ணாடியை மாட்டிவிட வேண்டும். அதுதான் எங்கள் கூட்டு.

மரிசோல் என்று இரண்டாம் வகுப்புப் பெண். பவர் கிட்டத்தட்ட மார்ட்டி அளவு. அவளுடைய அம்மா ஓட்டல் துணி வெளுக்கிற இடத்தில் வேலை செய்கிறவர். அரை நாள் விடுப்பு எடுத்து வந்திருந்தார். மரிசோல் வாயை இறுக்கிக்கொண்டு, மாட்டமாட்டேன் என்று நின்றாள். மார்ட்டி அவள் முன்னால் குந்தி உட்கார்ந்து எங்களுக்குக் கேட்காத குரலில் ஏதேதோ பேசினார்; கடைசியில் அவளே வாங்கி மாட்டிக்கொண்டாள். வேனைச் சுற்றிப் பார்த்தாள். அம்மாவின் முகத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். “அம்மா, உனக்கு இங்க மச்சம் இருக்கு!” என்றாள். அந்த அம்மாள் அழ ஆரம்பிக்க, எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஸ்க்ரூ தேடுகிற சாக்கில் குனிந்துகொண்டேன். மரிசோல் அடுத்தபடியாக மார்ட்டியை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். பிறகு தீர்ப்பு சொன்னாள்: “டிவியில இதைவிட நல்லா இருந்தீங்க.”

சிறப்பு விருந்தினர்

ஆலன் தமிழ்க் குடும்பங்கள் ஒரு பள்ளிக்கூட ஹாலில் பொங்கல் விழா நடத்தினார்கள். சிறப்பு விருந்தினராக மார்ட்டியைக் கூட்டிவரச் சொன்னார்கள். வந்தார். வேட்டி கட்டிவிட்டோம்; பெல்ட்டையும் அதற்கு மேல் கட்டிக்கொண்டார். சர்க்கரைப் பொங்கலை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். மேடையில், பிள்ளைகளுக்கு வருஷம் ஒரு தடவை கண் பாருங்கள் என்று இரண்டு நிமிஷம் பேசினார். என் மகள் ஆயிஷாவைத் தமிழில் சொல்லச் சொன்னார்கள். அவளுக்குத் தமிழ் புரியும், வாயில் வராது. மைக்கைப் பிடித்து, “அவர் என்ன சொல்றார்னா... அத்தா, you tell them” என்று என்னிடம் தள்ளிவிட்டாள்.

விருந்து நடக்கும்போது முன்வரிசையில் இருந்த சொக்கலிங்கம் அங்கிள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மகனைப் பார்க்கக் காரைக்குடியிலிருந்து வந்தவர், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். “ரொம்ப நல்ல மனுஷனா தெரியறார். என்ன பண்றார்?” என்றார். பேஸ்பால் விளையாடறார் என்றேன். “சரி.” பிள்ளைகளுக்கு இலவசமாகக் கண்ணாடி தர்றார் என்றேன். “ரொம்ப சரி.” கொஞ்ச நேரம் மார்ட்டியையே அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “அதெல்லாம் இருக்கட்டும் தம்பி, வேலைக்கு எங்க போறார்?”

படம் போட்ட அட்டை

அந்த வருஷக் கோடையில் மார்ட்டியின் ஆட்டம் கெட்டது. பிடிக்க வேண்டிய பந்துகளைத் தவறவிட்டார். முழங்கால் போய்விட்டது, வயசாகிவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. எனக்கு முழங்கால் மேல் சந்தேகம் வரவில்லை. வேனுக்கு வந்தால் தொப்பியை மேஜை மேல் வைப்பார். அது மேஜைக்கு வலப்பக்கம் தரையில் விழும். வலப்பக்கம் நின்று கூப்பிட்டால் முழு உடம்பையும் திருப்பிப் பார்ப்பார். வசந்தத்தில் ஒரு பந்து அவர் முகமூடியில் பலமாக மோதியது எனக்குத் தெரியும். “ஒரு தடவை நாற்காலியில உட்காருங்க” என்று பல வாரம் கெஞ்சினேன். “நேரமில்லை” என்பார்.

ஒரு நாள் அவரே வந்தார். ஆட்டம் இருந்த நாள்; காலையில் வேனைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போனவர், மைதானத்துக்கு டாக்சியில் போகிற வழியில் வந்து இறங்கினார். வேன் படியில் ஏறும்போதே இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, “இன்னைக்கு டெஸ்ட் எனக்கு! எல்லாரும் பாருங்க, இந்த அலெக்ஸ் இனிமே என்னைத் தொந்தரவு பண்ணக்கூடாது” என்று பிள்ளைகளைக் கூட்டினார். எதிரே மாட்டியிருந்த அட்டையைப் பார்த்து, மேலேயிருந்து கடைசி வரி வரைக்கும் எழுத்தெழுத்தாக, ஒரு பிழை இல்லாமல், கணீரென்று ஒப்பித்தார். ஒப்பிக்காமல் என்ன? ஆயிரம் பிள்ளைகள் அதைப் படிக்கக் கேட்டவர்.

ஆனால் அன்றைக்கு எங்களிடம் வந்திருந்தது பாலர் வகுப்பு. எழுத்துத் தெரியாத குழந்தைகளுக்காக நான் காலையிலேயே படம் போட்ட அட்டையை மாட்டியிருந்தேன். வீடு, குடை, ஆப்பிள், மரம். குழந்தைகள் அவர் வேடிக்கை காட்டுகிறார் என்று கைதட்டிச் சிரித்தன. டாக்டர் ஃபேயும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கைதட்டல் ஓய்ந்ததும், முன்னால் நின்ற நாலு வயசுக் குழந்தை ஒன்று அவர் கால்சட்டையைப் பிடித்து இழுத்து, பொறுமையாகத் திருத்தியது: “மிஸ்டர் மார்ட்டி, அது எழுத்து இல்ல. வீடு.”

எமர்ஜென்சி வாசல்

மார்ட்டி பொத்தியிருந்த கையை எடுத்தார். அட்டையை இடது கண்ணால் பார்த்தார். அப்படியே படியில் போய் உட்கார்ந்துவிட்டார். டீச்சர் குழந்தைகளை வெளியே அழைத்துப் போனார். டாக்டர் ஃபே சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்து நிதானமாகப் பார்த்தார். விழித்திரை கிழிந்து பிரிந்துகொண்டிருந்தது. “எத்தனை நாளா?” என்றார். “ஓரத்துல ஒரு திரை இறங்கற மாதிரி இருந்தது. சீசன் முடியட்டும்னு...” என்றார் மார்ட்டி. “சீசன் முடியறப்போ கண்ணும் முடிஞ்சிருக்கும். இன்னைக்கே ஆபரேஷன் தியேட்டர்ல இருக்கணும்” என்று டாக்டர் போனை எடுத்தார்.

மார்ட்டி என் பக்கம் திரும்பினார். “அலெக்ஸ், இன்னைக்கு நான் ஆடலேன்னா புதுப் பையன் ஆடுவான். அவன் ஒரு தடவை உட்கார்ந்துட்டா அந்த இடம் எனக்கு இல்ல.” பெஞ்சில் உட்கார்ந்தே பாதி வாழ்க்கை போக்கினவர். இந்த டீமுக்கு வந்த பிறகுதான் ஒழுங்காக ஆட இடம் கிடைத்திருந்தது. “மரிசோலுக்கு நீங்க என்ன சொல்லி மாட்டவெச்சீங்க?” என்று கேட்டேன். நான் கேட்டது அவரை வற்புறுத்துவதற்காக அல்ல, எனக்கு உண்மையாகவே தெரியாது. அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, “எனக்கும் பயமா இருந்ததுன்னு சொன்னேன்” என்றார். பிறகு வேன் சாவியை எடுத்து என் கையில் வைத்தார். மருந்து விட்ட கண்ணோடு அவரால் ஓட்ட முடியாது. டாக்டரின் கார் மெக்கானிக்கிடம் இருந்தது.

டெக்சாஸ் ஃப்ரீவேயில் அன்றைக்குத்தான் அந்த வேனை முதன்முதலாக ஓட்டினேன். வேகமாகப் போனபோது சும்மா இருந்த கூரைக் குழாய், ஆஸ்பத்திரி வளாகத்தில் வேகத்தைக் குறைத்ததும் பாட ஆரம்பித்தது. இடம் தேடி நான் முன்னே போக, பின்னே வர, விடாமல் பாடியது. ஜன்னல்களில் நோயாளிகள் எட்டிப் பார்த்தார்கள். பக்கத்தில் மார்ட்டி, மடியில் தொப்பியோடு, கன்னத்தில் கண்ணீரோடு சிரித்துக்கொண்டிருந்தார். காவலாளி ஓடிவந்து வேனின் ஜன்னல் கண்ணாடியைத் தட்டினார். உள்ளே பிரபல ஆட்டக்காரர் இருப்பதை அவர் கவனிக்கவேயில்லை. என்னிடம் கறாராகச் சொன்னார்: “சார், எமர்ஜென்சி வாசல்ல ஐஸ்கிரீம் விக்கக் கூடாது.”

குப்புறப் படுத்த கேட்சர்

ஆபரேஷன் முடிந்து, விழித்திரை ஒட்டிக்கொள்ளும்வரை சில நாள் குப்புறவே படுத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கட்டிலின் தலைமாட்டில் ஓட்டை வைத்த ஒரு சாமான். அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி கிடந்தார் மார்ட்டி. பார்க்க வந்தவர்கள் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் தரைக்குத்தான் போக வேண்டும். நான் குந்தி உட்கார்ந்து பேசினேன். மும்தாஜ் பாய் விரித்துக்கொண்டாள். பார்வை ஓரளவு திரும்பும், ஆனால் இனிமேல் பந்து பிடிக்க முடியாது என்று ஒரு நாள் டாக்டர்கள் சொன்னார்கள். அன்றைக்கு அவர், “சீருடை இல்லாம நான் போய் நின்னா பிள்ளைங்க வருமா?” என்று கேட்டார். வரும் என்று சொன்னேன். எனக்கே அதில் நிச்சயமில்லை.

மறுநாள் டீமின் மேனேஜர் வந்தார். ஆறரை அடி உயரம், பெரிய தொந்தி, யாரிடமும் சிரிக்காதவர் என்று பெயர். கட்டிலைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். வேறு வழியில்லை என்று தெரிந்ததும், கார் மெக்கானிக் மாதிரி மல்லாந்து படுத்து, தலையைக் கட்டிலுக்கு அடியில் நுழைத்தார். “புதுப் பையன் எப்படி?” என்றார் மார்ட்டி. “உன் அளவுக்கு இல்ல” என்றார் அவர். பிறகு மேனேஜரைத் தரையிலிருந்து எழுப்ப நானும் இரண்டு நர்ஸ்களும் தேவைப்பட்டோம். முதுகைப் பிடித்துக்கொண்டு, போகிற போக்கில் என்னிடம் சொன்னார்: “என் சர்வீஸ்ல ஒரு கேட்சர்கூட என்னை நிம்மதியா நின்னு பேசவிட்டதில்ல.”

சீருடை இல்லாத நாள்

அடுத்த வசந்தத்தில் வேன் மறுபடி கிளம்பியது. மார்ட்டி ஓய்வு பெற்றிருந்தார். பந்து, மட்டை விற்கிற கடை ஒன்று எங்களுக்குக் கட்டித்தந்த பேனரை, சீருடையில் அவர் நின்ற படத்தோடு, சுருட்டி எடுத்துப் போய்விட்டது. முதல் முகாமுக்குக் கட்டம்போட்ட சட்டையில் வந்தார். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, “பத்துப் பேர் வந்தா அதிர்ஷ்டம்” என்றார். பள்ளிக்கூடத் திருப்பத்தில் நுழைந்தோம். வரிசை கட்டிடத்தைச் சுற்றிப் போய் அந்தப் பக்கத் தெரு வரைக்கும் நின்றது. மார்ட்டி பிரேக்கை மிதித்தார். “இன்னைக்கு இங்க வேற ஏதோ விசேஷம் போல” என்றார்.

வேறு விசேஷம் இல்லை. ஓட்டல் சலவைக்காரிகளும், வீடு கட்டுகிறவர்களும், பஸ் ஓட்டுகிறவர்களும் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வரிசையில் முன்னால் நின்ற ஒரு தாய், வருஷா வருஷம் மூன்று பிள்ளைகளையும் கூட்டிவருகிறவர். மார்ட்டி இறங்கி அவருக்குக் கைகொடுத்து, தான் இனி விளையாடுவதில்லை என்பதைச் சங்கடத்தோடு தெரிவித்தார். அந்த அம்மாளுக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தார். இவர் பெரிய பேஸ்பால் ஆட்டக்காரர், இந்த வேன், கண்ணாடி எல்லாமே இவருடையதுதான் என்று நான் விளக்கினேன். அவர் வாயில் கைவைத்துக்கொண்டார். மார்ட்டியை மேலும் கீழும் பார்த்தார். மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார்: “அய்யோ, இத்தனை வருஷமா அந்தச் சீருடையைப் பார்த்து நான் இவரை வேன் டிரைவர்னு நினைச்சுட்டிருந்தேனே. ரொம்ப நல்லா ஓட்டறார்.”

இன்றுவரை எனக்குப் பேஸ்பால் விதிகள் முழுசாகப் புரியவில்லை, மார்ட்டிக்கு ஒரு ஸ்க்ரூ முடுக்கத் தெரியவில்லை. ஆனாலும் எங்கள் இருவரையும் வேலையில்லாமல் ஒரு நாள்கூட உட்காரவிடாமல், கொடுத்த கண்ணாடியை ஒடிப்பதில் அயராது உழைத்தவர்கள் டெக்சாஸ் குழந்தைகள்.